பாட்டுப் புத்தகம் சுவருக்கு வந்தது!

ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலய மணி அடித்து ஓய்கிறது. போதகர் பாட்டு எண்ணைச் சொல்கிறார். உடனே "சரசர" என்று ஒரு சத்தம்! எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் கேட்ட சத்தம் இது. இப்போது பல இடங்களில் அது குறைந்துவிட்டது. பாட்டு, சுவரில் உள்ள திரையில் பெரிய எழுத்தில் வருகிறது. குனிந்து பாடியவர்கள் நிமிர்ந்து பாடுகிறார்கள்.

திரை ஒன்று மட்டும் அல்ல. தேவாலயத்துக்குள் ஒன்று. பாடகர் குழுவின் எதிரே ஒன்று. வீட்டில் இருந்து பார்ப்பவர் கையில் உள்ள செல்போன் ஒன்று. ஒரே பாட்டு, மூன்று திரை!

பாட்டியும் பேரனும்

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். அந்த ஊரில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது எழுபது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். புத்தகத்தில் உள்ளதோ பொடி எழுத்து. பாட்டி பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் முதல் சரணம் முடிந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

பாட்டிக்கு ஒரு பேரன். வெளியூரில் வேலை. அறையில் இருந்தபடி செல்போனில் ஆராதனையைப் பார்க்கிறான். அவன் கையில் புத்தகமே இல்லை.

இந்த இரண்டு பேரும் பாட வேண்டும். திரைகள் வந்தது அதற்காகத்தான்.

அன்றே இருந்த வழி

படிக்கத் தெரியாதவர்கள் எப்படிப் பாடுவது? இந்தக் கேள்வி புதியது அல்ல.

1645-ல் இங்கிலாந்து பார்லிமெண்டு ஓர் ஆராதனை முறை நூலை ஏற்றது. சபையில் பலருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஒருவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். ஜனங்கள் அதைக் கேட்டுப் பாட வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க, சபை பின்னால் பாடும்.

அன்று வரியை எடுத்துக் கொடுத்தது ஒரு மனிதரின் குரல். இன்று எடுத்துக் கொடுப்பது திரை!

தஞ்சாவூர்க் கவிஞர்

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். ஆரம்ப காலத் தமிழ்ச் சபைகளில் ஜெர்மன் மெட்டுகளிலேயே தமிழ்ப் பாட்டுகள் பாடப்பட்டன.

பிறகு வந்தார் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியுடன் படித்தவர். "பெத்லகேம் குறவஞ்சி"யைப் பாடியவர் இவர்தான். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் நாட்டு முறையில் கீர்த்தனைகள் பாடினார். 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தக் கீர்த்தனைகள்தான் இன்று திரைக்கு வருகின்றன.

பூட்டிய கதவு

2020 மார்ச் 25. கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு. எல்லா வழிபாட்டு இடங்களும் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 12-ந் தேதி வந்தது. அன்று பல போதகர்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால் நின்று, காமிராவைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார்கள்.

டெலிவிஷனில் நேரடிக் காட்சி பார்ப்பது திருவண்ணாமலை சுற்றுவட்டார ஜனங்களுக்குப் பழக்கமானதுதான். கார்த்திகை தீபத்தை அப்படிப் பார்க்கிறார்களே! தீபத்தைத் தரிசிக்கக் கண் போதும். சபையில் பாடுவதற்கோ வரிகள் வேண்டும். அதனால் வீட்டுத் திரைக்கும் பாட்டு போக வேண்டியதாயிற்று.

2020 செப்டம்பர் 1-ல் தமிழ்நாட்டில் வழிபாட்டு இடங்கள் திறந்தன. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் முதியவர்களும், நோயாளிகளும், வெளியூரில் இருப்பவர்களும் செல்போனில் பார்ப்பதை விடவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் பாட்டைக் காட்ட வேண்டும். எப்படி?

மூன்று திரைக்கு மூன்று விதம்

எல்லாத் திரைக்கும் ஒரே படத்தை அனுப்பினால் போதும் என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது.

தேவாலயத்துத் திரையில் நான்கு வரி வரலாம். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. பின்னால் பூவும் மலையும் ஓடினால் எழுத்து மறைந்துவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் எழுத்தின் அளவு சரியா என்று தெரிந்துவிடும்.

செல்போனோ உள்ளங்கை அளவு. அதில் பாடுகிறவர்களின் முகமும் தெரிய வேண்டும். ஆகையால் படத்தின் அடியில் இரண்டு வரி மட்டும் போதும்.

பாடகர் குழுவுக்கு இப்போது பாடும் வரியுடன், அடுத்து வரும் வரியும் தெரிய வேண்டும்.

ஒரே கம்ப்யூட்டர் இதைச் செய்யும். "ஓப்பன் எல்.பி." என்ற இலவச சாப்ட்வேரில் பாட்டை ஒரு முறை ஏற்றி வைத்தால் போதும். அது தேவாலயத்துத் திரைக்குப் பாட்டை அனுப்பும். பாடகர் குழுவின் செல்போனிலும் வைபை மூலம் வரிகளைக் காட்டும். "ஓ.பி.எஸ். ஸ்டூடியோ" என்பதும் இலவசம்தான். காமிராப் படத்தின் அடியில் வரிகளைச் சேர்த்து இணையத்துக்கு அனுப்ப அது உதவும்.

நேரடி ஒளிபரப்பு வீட்டுக்குப் போய்ச் சேரச் சில வினாடி தாமதம் ஆகும். அதனால் பாட்டுக்கு ஆபத்து இல்லை. குரலும் எழுத்தும் ஒன்றாகவே போகின்றன. ஆனால் "ஜூம்" கூட்டத்தில் எல்லோரும் மைக்கைத் திறந்து பாடினால் ஒரே கூச்சல்தான்! ஒவ்வொரு குரலும் வேறு வேறு நேரத்தில் வந்து சேரும். பாடுகிற இடத்தின் மைக்கைத் தவிர மற்றதை மூடிவிட வேண்டும்.

தமிழுக்கு வந்த சோதனை

ஆங்கிலப் பாட்டுக்கு இல்லாத தொல்லைகள் தமிழ்ப் பாட்டுக்கு உண்டு.

முதல் தொல்லை எழுத்துரு. "பாமினி" எழுத்துருவில் அடித்த பாட்டை, அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் என்ன வரும்? பொருள் இல்லாத ஆங்கில எழுத்துகள் வரும்! "யூனிகோடு" முறையில் அடித்தால் இந்த விபத்து இல்லை.

இரண்டாவது, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரி பாதியில் உடைந்தால் பாடுகிறவர் மூச்சும் உடையும். சொல்லும் மெட்டும் சேர்ந்து நிற்கிற இடத்தில் வரியைப் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, பல்லவி. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு நொடி தூங்கினால் போதும். சபை பல்லவியில் இருக்கும். திரை மூன்றாவது சரணத்தில் இருக்கும்! வரிசையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

வரி பாடி முடிந்த பிறகு மாற்றுவதும் தவறு. கடைசிச் சொல்லைப் பாடும்போதே அடுத்த வரி வந்துவிட வேண்டும். கண் முன்னால் போனால்தான் வாய் பின்னால் வரும். எனவே, பட்டனைத் தட்டுகிறவரும் கூடவே பாட வேண்டும்!

இன்னொன்று. இந்தியச் சட்டப்படி, பாட்டை எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. சாஸ்திரியார் பாட்டுக்குத் தடை இல்லை. புதிய பாட்டை இணையத்தில் அனுப்பும் முன் அனுமதி வாங்குவது நல்லது.

பாடிப் பாடிப் படிக்கலாம்

வரியைப் பார்த்துக்கொண்டே பாடினால் இன்னொரு லாபமும் உண்டு. ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரிக்கு 1996-ல் ஒரு யோசனை வந்தது. சினிமாப் பாட்டின் வரிகளை, அதே மொழியில் டெலிவிஷன் திரையில் காட்டினால் என்ன? 1999-ல் குஜராத்தி நிகழ்ச்சியில் காட்டினார்கள். 2002-ல் தூர்தர்ஷனின் "சித்ரஹார்" நிகழ்ச்சிக்கும் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டே வேகமாகப் படிக்கப் பழகினார்கள். காரணம் எளிது. பாட்டு ஏற்கனவே காதுக்குத் தெரியும். காது அறிந்த சொல்லைக் கண் எட்டிப் பிடிக்கிறது.

தேவாலயத்துத் திரையும் அதே வேலையைச் செய்ய முடியும். பாட்டி வாரந்தோறும் அதே கீர்த்தனையைக் கேட்கிறார். வரியும் கண் முன்னால் நிற்கிறது. எழுத்து பெரிதாக இருந்து, வரி நேரத்தில் வந்தால் போதும்.

மின்சாரம் போனால் திரை இருண்டுவிடும். அதனால் புத்தகத்தை அலமாரியில் பூட்டிவிடக் கூடாது. ஆனால் மனப்பாடமான பாட்டுக்கு மின்சாரமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம்.

திரை இருண்ட பிறகும் பாட்டி பாடிக்கொண்டிருந்தால், திரை தன் வேலையைச் செய்துவிட்டது!