சைக்கிளில் வரும் விருந்தாளிக்கு ஒரு சிறு குடில்



அது ஒரு மார்கழி மாலை. வாடை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மஃரிபுக்குச் சற்று முன்னர் எங்கள் படலையடியில் இரண்டு துவிச்சக்கர வண்டிகள் வந்து நின்றன. ஐரோப்பியத் தம்பதியர். இருவருக்கும் அறுபது வயதைத் தாண்டியிருக்கும். வண்டிகளின் முன்னும் பின்னும் பைகள் தொங்கின. உள்ளே அழைத்தபோது அந்த மனிதர் முதலில் கேட்டது சாப்பாட்டையோ கட்டிலையோ அல்ல. "சைக்கிளை நனையாமல் எங்கே வைக்கலாம்?" என்பதைத்தான்.

வண்டிகளை முன் ஹோலிலே வைத்தோம். சேறும் தண்ணீரும் ஹோல் முழுக்க ஓடின. நனைந்த உடுப்புகளை ஜன்னல் கம்பிகளிலே காயப்போட்டார்கள். விருந்தாளியை உபசரித்த திருப்தியோடு நான் உறங்கிவிட்டேன். அவர்கள் விடைபெற்றுச் சென்ற பின்னர்தான் என் மனைவி சொன்னார்: "மஃரிபிலிருந்து சுபஹ் வரைக்கும் நானும் மகளும் குசினியை விட்டு வெளியே வரல்ல. கிணத்தடிக்கும் போகல்ல. நீங்க அதை யோசிச்சீங்களா?"

உண்மையில் நான் யோசிக்கவில்லை. வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கு அறை கொடுத்து நாலு காசு உழைக்கலாம் என்று எண்ணும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல உள்ளன. அவ்வாறான வீடுகளில் தேநீர் வைப்பதும், விரிப்பைத் துவைப்பதும், தன் வீட்டிலேயே ஒதுங்கி நிற்பதும் சகோதரிகளே, நீங்கள்தான். ஆகவே சைக்கிள் பிரயாணிக்கென வளவின் ஓரத்தில் தனியாக ஒரு குடில் அமைப்பதைப் பற்றி உங்களோடுதான் பேச வேண்டும்.

இந்த எண்ணம் புதியதல்ல. ஐரோப்பாவில் யூரோவெலோ என்ற பெயரில் 17 நெடுஞ்சைக்கிள் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று பிரான்சின் அத்திலாந்திக் கரையில் தொடங்கி, 4,000 கிலோமீற்றருக்கும் மேல் ஓடி, கருங்கடலில் முடிகின்றது. சுமையோடு மிதிப்பவர் ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர்தான் போவார். எனவே அந்தத் தூரத்துக்கு ஒரு படுக்கை தேவை. நெதர்லாந்தில் முகாம் திடல்களிலே சின்ன மரக்குடில்கள் இருக்கின்றன. கட்டில், மேசை, கதிரை தவிர அங்கே அதிகம் எதுவுமில்லை. போர்வையைக்கூடப் பிரயாணியே கொண்டுவர வேண்டும். டென்மார்க்கில் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே சாய்ந்த கூரை, அவ்வளவுதான். ஸ்கொட்லாந்து மலைகளில் கைவிடப்பட்ட இடையர் வீடுகளைத் திருத்திப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு சங்கம் அவற்றைப் பராமரிக்கின்றது.

நம் நாட்டிலும் வழிப்போக்கருக்கென அம்பலங்கள் இருந்தன. குருநாகல் மாவட்டத்தில் நாரம்மலைக்கு அருகேயுள்ள கரகஹகெதர அம்பலத்தைப் பாருங்கள். நான்கு பெரிய கற்களின் மேல் மர உத்தரங்களைக் கிடத்தி, அதன் மேல் தூண்களும் ஓட்டுக் கூரையும் வைத்திருக்கிறார்கள். அஸ்திவாரம் தோண்டவில்லை. மழைநீர் கீழால் ஓடும், காற்று நடுவால் போகும். சுற்றாடலுக்குப் பாதகமில்லாத கட்டிடம் என்று இன்று பெரிய பெரிய வார்த்தைகளில் பேசுகின்றார்களே, அதில் பெரும்பகுதி அந்த நான்கு கற்களிலே இருக்கின்றது.

நாமோ கொங்கிறீட் தட்டுப் போட்டால்தான் வீடு என்று நினைக்கின்றோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 2018ஆம் ஆண்டில் நகைகளை அடகு வைத்து இரண்டு தட்டு அறைகளைக் கட்டியது. பகல் முழுக்க வெயில் குடித்த தட்டு இரவெல்லாம் சூட்டைக் கக்கியது. வந்தவர்கள் குளிரூட்டி கேட்டார்கள். அதற்கும் கடன் வாங்கினார்கள். 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை. அறைகளில் நெல் மூட்டை அடுக்கப்பட்டது, நகை திரும்பவேயில்லை. சிறியதாகவும், மலிவாகவும், தேவையில்லாதபோது கழற்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடியதாகவும் கட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனிக் குடிலுக்கு வருவோம். இருவர் உறங்க 12 அடிக்கு 8 அடி அறை போதும். அதன் முன்னால் 5 அடி அகல விறாந்தை. இந்த விறாந்தைதான் சைக்கிள்காரருக்கு முக்கியம். ஒரு துவிச்சக்கர வண்டியின் நீளம் ஏறத்தாழ 6 அடி. இரண்டை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்தால் பாதி விறாந்தை நிறையும். பூட்டுவதற்குத் தூணிலே ஓர் இரும்பு வளையம் பொருத்துங்கள். கட்டிலில் படுத்தபடியே வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆயிரம் மைல் வந்தவருக்கு அதுதான் வாகனம், அதுதான் வீடு. மற்றப் பாதியில் உடுப்புக் காயவைக்கக் கயிறு. காற்றடிக்கும் பம்பும், ஓட்டை பார்க்க ஒரு பேசின் தண்ணீரும் இருந்தால் அவர் உங்களை மறக்க மாட்டார்.

தரையை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கற்றூண்களில் வையுங்கள். கல்லுக்கும் மரத்துக்கும் இடையே சுற்றிவர நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு தகரத் தொப்பி வைத்தால், கறையான் ஒளிந்து ஏற முடியாது. ஏறினாலும் கண்ணில் படும். முற்றிய தென்னையின் வெளிப்புற மரம் வளைக்கும் கைமரத்துக்கும் நன்கு உழைக்கும். பனை அதிலும் மேல். இடிக்கும் பழைய வீடுகளில் ஓடும் கதவும் வாங்கினால் செலவும் குறையும், புதிதாக ஒரு மரமும் விழாது. கிடுகு நல்ல குளிர்ச்சிதான், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வேய வேண்டும். தகரத்தை மட்டும் வெறுமனே போடாதீர்கள்.

நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். நம் கிழக்குக் கரையில் வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் வீசும்போது அந்தப் பக்கத்துச் சூடு உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு வேம்பு நின்றால் நல்லது. சுவரின் கீழ்ப் பாதி மண்ணாலும் மேல் பாதி மரச் சட்டங்களாலும் இருக்கலாம். முகட்டின் இரு முனைகளிலும் திறப்பு விட்டால் சூடான காற்று மேலேறிப் போய்விடும். வலை கட்டாயம், நுளம்பை மறந்தால் குளிர்ச்சியால் பயனில்லை.

கூரைத் தாழ்வாரங்களோடு சேர்த்து 300 சதுர அடி வரும். 100 மில்லிமீற்றர் மழைக்கு ஏறத்தாழ 2,800 லீற்றர் அதில் விழும். சிந்தியது போக 2,000 லீற்றருக்குக் குறையாது. குளிக்கவும் துவைக்கவும் அது உதவும். இரண்டு மின்குமிழும் ஒரு சிறு விசிறியும் கைத்தொலைபேசியும் ஒரு சூரியத் தட்டில் ஓடும். மலசலகூடத்துக்கு இரண்டு குழிகள் தோண்டுங்கள். ஒன்று நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றி, நிறைந்ததை இரண்டு வருடம் மூடிவைத்தால் எருவாகிவிடும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். நம் மணல் தரையில் அதைவிடத் தூரமாய் இருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட, குடிலின் வாசல் எந்தப் பக்கம் என்பதை நீங்கள் சொல்லுங்கள். மேசனிடமும் விடாதீர்கள், கணவரிடமும் விடாதீர்கள். வாசல் வீதியைப் பார்க்கட்டும். அதற்குத் தனிப் படலை இருக்கட்டும். கிணற்றடியையும் குசினி முற்றத்தையும் நோக்கி ஒரு ஜன்னலும் வேண்டாம். தண்ணீரும் மலசலகூடமும் குடிலின் பக்கமே இருந்தால் விருந்தாளி உங்கள் முற்றத்தைக் கடக்கவே தேவையில்லை. காலைச் சாப்பாட்டைத் தட்டில் மூடி விறாந்தையில் வைத்துவிட்டு வரலாம்.

ஆணியடிக்கும் முன்னர் பிரதேச சபையில் அனுமதி பெறுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வளவு இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். வீட்டில் தங்கவைக்கும் தொழிலைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியலாம்.

எங்கள் வளவில் கற்களை வைத்தாகிவிட்டது. வாசலை நான் வடக்கே வைக்கலாம் என்றேன். அங்கேதான் பக்கத்து வீட்டுக் கிணற்றடி தெரியும் என்று மனைவி சொன்னார். குறித்த இடத்திலிருந்து கற்களைப் பிடுங்கிக் குடிலைத் திருப்பி வைத்தோம். நான்கு கற்கள்தானே, அரை நாள் வேலை.