பட்டறைக்குச் சென்ற வண்டி

மாதத் தவணையில் வாங்கிய கார் ஒன்று வீட்டு வாசலில் நிற்பது இன்று நடுத்தரக் குடும்பங்களில் புதுமையன்று. வீட்டிற்கு அடுத்தபடியாக அக்குடும்பத்தின் சேமிப்பில் பெரும் பங்கை விழுங்கியிருப்பது பெரும்பாலும் அவ்வண்டியே. சிலருக்கோ அதுவே பிழைப்பு. அத்தகைய உடைமையைச் சாவியோடு பிறர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் நாம் திரும்பி வரும் இடம் மோட்டார் பட்டறை. காற்பவுன் தோட்டைப் பற்றவைக்கக் கொடுத்தாலும் கண்ணெதிரே எடை போடச் செய்து சீட்டு வாங்கி வரும் நம் இல்லத்தரசிகளின் எச்சரிக்கை, ஏனோ குடும்பத் தலைவர்களுக்குப் பட்டறை வாசலில் வருவதில்லை.

கிளட்சு சரியில்லை என்று விட்ட வண்டி, கதவில் நெளிவோடு திரும்புகிறது. குளிர்சாதனத்தைப் பார்க்கச் சொன்னால், நேற்றுவரை ஏறி இறங்கிய கண்ணாடி இன்று அசைய மறுக்கிறது. கேட்டால், "வரும்போதே அப்படித்தான் சார் இருந்தது" என்பதே விடை. அவ்விடைக்கு மறுமொழி கூற வகையறியாது, தலைவிதி என்றெண்ணித் திரும்புவோரே பலர். அங்ஙனம் திரும்ப வேண்டியதில்லை என்பதைக் கூறவே இதனை எழுதுகின்றோம்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு காரியத்தின்பொருட்டுப் பொருளைப் பிறரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறும் உறவைப்பற்றி 148-ஆம் பிரிவு தொடங்கி விரிவாகப் பேசுகிறது. தையற்காரரிடம் கொடுத்த துணியும், பட்டறையில் விட்ட காரும் அதன் பார்வையில் ஒன்றே. இயல்பான மதியுடைய ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பேணுவாரோ, அவ்வளவு கவனத்தோடு பிறர் பொருளையும் பேண வேண்டும் என்பது 151-ஆம் பிரிவு. அக்கவனத்தைச் செலுத்தியும் சேதம் நேர்ந்துவிட்டால், வேறு உடன்பாடு இல்லாதவரை அவர் பொறுப்பாளியல்லர் என்பது அடுத்த பிரிவு. இது நியாயமே. வெள்ளம் புகுந்தால் பட்டறைக்காரர் என் செய்வார்?

ஆனால் 154-ஆம் பிரிவு கண்டிப்பானது. ஒப்படைத்தவர் விதித்த நிபந்தனைக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால், அந்நேரத்தில் உண்டாகும் சேதத்திற்கு ஈடு செய்தே தீரவேண்டும். கவனமாகத்தான் ஓட்டினோம் என்ற சமாதானம் அங்கே செல்லாது. கார் இல்லாத அக்காலத்தில் சட்டம் வரைந்தோர் இதற்கு இரவல் குதிரையை எடுத்துக்காட்டாகத் தந்தனர். நமக்குக் குதிரை வேண்டியதில்லை. பிரேக்கைச் சோதிக்கத் தெருமுனைவரை ஓட்டிப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. மைத்துனர் வீட்டுத் திருமணத்திற்கு ஓட்டிச் செல்வது வேலையன்று.

சரி, கவனக்குறைவு என்பதை யார் மெய்ப்பிப்பது? பட்டறைக்குள் நடந்ததை நாம் எங்ஙனம் அறிவோம்? இவ்வினாவிற்கு உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் அளித்த ஒரு தீர்ப்பு வெளிச்சம் தருகிறது. 1998-இல் தில்லியில் தாஜ் மகால் ஓட்டலுக்குச் சென்ற விருந்தினர் ஒருவர், தம் மாருதி ஜென் காரையும் சாவியையும் நிறுத்துமிடப் பணியாளரிடம் ஒப்படைத்து உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது, வேறொருவர் வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டார் என்ற செய்தியே கிடைத்தது. கையில் கொடுக்கப்பட்ட சீட்டிலோ, வண்டிக்கு நேரும் இழப்பிற்கு நிர்வாகம் பொறுப்பன்று, உரிமையாளரே பொறுப்பு என்று அச்சிடப்பட்டிருந்தது. காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஓட்டலிடமிருந்து அதனைப் பெறுவதற்கு வழக்காடியது. வண்டி ஒப்படைக்கப்பட்டது, திரும்பி வரவில்லை என்பது தெளிவானபின், தாங்கள் உரிய கவனம் செலுத்தினோம் என்று விளக்கும் கடமை ஓட்டலையே சாரும் என்றும், அச்சிட்ட அவ்வாசகத்தைக் காட்டித் தன் கவனக்குறைவின் விளைவிலிருந்து அது தப்ப இயலாது என்றும் நீதிமன்றம் கூறிற்று. இருபத்தோராண்டுகள் நீண்ட வழக்கு அது!

ஓட்டல் வேறு, பட்டறை வேறு என்பார் உளர். தொழில் வேறுதான்; ஒப்படைப்பு என்னும் உறவு ஒன்றே. எனவே பட்டறைச் சீட்டின் அடியில் எறும்பு எழுத்துகளில் காணும் "சேதத்திற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரியைக் கண்டு மலைத்துவிட வேண்டாம். நாம் நிலைநாட்ட வேண்டியது ஒன்று உண்டு: வண்டியை விட்டபோது அது எந்நிலையில் இருந்தது என்பது. அது நிலைநாட்டப்பட்டால், இடையில் நடந்ததை விளக்கும் சுமை பட்டறையின் தோளுக்கு மாறிவிடும். அது இல்லையேல், "வரும்போதே அப்படித்தான்" என்ற ஒற்றை வாக்கியம் வென்றுவிடும்.

ஆகவே வண்டியை விடும்போது நான்கு புறமும், உட்புறமும், ஓடிய தூரம் காட்டும் எண்ணும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. ஜாப் கார்டில் இருக்கும் குறைகளை எழுதச் செய்து நகல் பெறுக. சிறிய ஷெட்டில் அத்தகைய அட்டை இராது. நாமே ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ரசீது கேட்டால் வரி சேரும் என்று கூறிச் சில நூறு ரூபாயைக் குறைப்பார்கள். அச்சலுகைக்கு இணங்குவோர், வேலை நடந்ததற்கான சான்றையே விற்றுவிடுகின்றனர் என்பது எம் கருத்து.

வேலையே தவறாகச் செய்யப்பட்ட வழக்கு இதனினும் கடினமானது. எமக்கு அறிமுகமான வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் எஞ்சின் ஆயில் மாற்றிக்கொண்டு சென்றார். சில மைல்கள் சென்றதும் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். அடியில் பார்த்தால், ஆயிலை வடிக்கும் திருகு சரியாக முறுக்கப்படாமல் ஆயில் முழுவதும் வழியெங்கும் சிந்தியிருந்தது. அதற்குள் எஞ்சினின் உட்பாகங்கள் கெட்டுவிட்டன. அவர் செய்த மூன்று காரியங்கள் கவனிக்கத்தக்கவை. விளக்கு எரிந்தபின் ஒரு கெஜம்கூட ஓட்டவில்லை. ஓட்டியிருந்தால், "நீயே கெடுத்தாய்" என்ற வாதத்திற்கு இடமாகியிருக்கும். இழப்பைத் தடுக்கக் கைவசமிருந்த வழியைப் பயன்படுத்தினாரா என்பதை ஈட்டுத் தொகையைக் கணக்கிடும்போது சட்டமும் பார்க்கிறது. அடுத்து, தளர்ந்த திருகையும் தரையிலிருந்த ஆயில் தடத்தையும் படமெடுத்து, வண்டியை இழுத்துச் சென்ற செலவிற்கு ரசீது பெற்றார். இறுதியாக, அதே பட்டறை எஞ்சினைப் பிரிக்குமுன் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரைக் கொண்டு பார்வையிடச் செய்து, எழுத்தில் கருத்துப் பெற்றார். பிரித்தபின் எந்தத் திருகு எப்படி இருந்ததென்று யாருக்குத் தெரியும்? பட்டறை உரிமையாளர் முதலில் குதித்தார். அவ்வறிக்கையைக் கண்டபின் எஞ்சின் செலவை ஏற்றுக்கொண்டார்.

அவ்வேளையில் அவர் கூறிய ஒரு சொல் எமக்கு உறுத்தலாக இருந்தது: "பையன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்." திருகை முறுக்க மறந்தவன் பயிற்சிக்கு வந்த சிறுவயதுத் தொழிலாளி. அவனைத் தனியே விட்டு மேற்பார்க்காமல் வண்டியை வெளியே அனுப்பியவர் உரிமையாளரே. பணிக்கிடையே பணியாளர் செய்யும் தவறுக்கு முதலாளி பொறுப்பாவார் என்பது சட்டம். ஆகவே கோரிக்கைக் கடிதத்தை உரிமையாளர் பெயருக்கே எழுத வேண்டும். பையனைச் சட்டையைப் பிடித்து உலுக்குவதால் நமக்கு ஈடு கிடைக்கப்போவதில்லை.

கூலியைக் கொடுக்காமல் வண்டியை எடுத்துச் செல்ல முற்படுவோரும் உண்டு. 170-ஆம் பிரிவின்படி, தம் உழைப்பாலும் திறமையாலும் செய்த வேலைக்குரிய கூலி கிடைக்கும்வரை பொருளை நிறுத்திவைத்துக்கொள்ளும் உரிமை பட்டறைக்கு உண்டு. எனவே வாய்ச்சண்டை வளர்ப்பதைவிட, "சேதத்தைப்பற்றிய என் உரிமைக்குப் பாதகமின்றி, மறுப்புடன் செலுத்துகிறேன்" என்று ரசீதிலோ கடிதத்திலோ எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை மீட்பது அறிவுடைமை. வண்டி நம் கையில் இருந்தால்தான் அதனை வேறொருவரிடம் காட்டவும் இயலும்.

அதன்பின் கடிதம். என்று விட்டோம், என்ன வேலைக்கு விட்டோம், என்ன சேதம், எவ்வளவு செலவாகும், எத்தனை நாளுக்குள் விடை வேண்டும் என்பவற்றைச் சுருங்க எழுதி, நகல் வைத்துக்கொண்டு, சேர்ப்பித்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புக. வேறு பட்டறையில் பெற்ற எஸ்டிமேட்டை இணைக்க வேண்டும். இடைக்காலத்தில் வாடகை வண்டிக்குச் செலவிட்டதையும், ஓட்டுநராயின் இழந்த வருமானத்தையும் கேட்கலாம். கணக்குக் காட்ட இயல வேண்டும். ஐயாயிரம் ரூபாய் நெளிவிற்கு ஐந்து இலட்சம் மன உளைச்சல் கேட்பவரின் உண்மையான ஐயாயிரமும் ஐயத்திற்கு உள்ளாகும்.

விடை வராவிடில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பட்டறை எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையீடு செய்யலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே தோன்றி வழக்குரைக்கலாம். நிகழ்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்ற வாக்குறுதிகளை நம்பி அக்காலத்தைக் கழித்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். வணிகத்திற்காகப் பல வண்டிகள் ஓட்டும் நிறுவனத்திற்கு இவ்வழி அடைபட்டது. தம் பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் சொந்த வாடகைக் காருக்குத் திறந்தே உள்ளது. முதலில் பேசிப் பார்க்க விரும்புவோர்க்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி உண்டு.

மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதற்கு மேலும் ஆவது வழக்கம். தீர்ப்பின்மேல் மாநில ஆணையத்திற்குச் செல்ல விரும்பும் பட்டறைக்காரர், 45 நாள்களுக்குள் விதித்த தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். ஆகவே வீணே இழுத்தடிப்பது அவருக்கும் எளிதன்று. இரு தரப்பாரும் எழுத்தில் இசைந்தால் ஆணையமே சமரசத்திற்கு அனுப்புவதும் உண்டு. பலர் அக்கட்டத்தில்தான் வண்டியைச் சரிசெய்து தருகிறேன் என்று முன்வருகின்றனர். ஏற்பதில் தவறில்லை, சரிசெய்த வண்டியை, நம்மோடு ஒரு நல்ல மெக்கானிக்கையும் அமர்த்திக்கொண்டு, மேடும் பள்ளமும் உள்ள சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே உடன்படிக்கையில் கையொப்பமிடுக.