கன்னியா: தாய்க்கடனுக்காகச் சுரந்த ஏழு ஊற்றுகள்

அன்னூர் மன்னீஸ்வரர் திருக்கோயிலின் தல வரலாறு ஒரு வேடனிலிருந்து தொடங்குகிறது. கிழங்கு அகழ்வதற்காக அவன் நிலத்தில் ஆயுதத்தைப் பாய்ச்சினான், குருதி பெருகிற்று. அஞ்சி மண்ணை விலக்கிப் பார்த்தபோது ஈசன் சுயம்புவாய் எழுந்தருளியிருந்தார் என்பது அடியார்கள் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. ஆயுதம் பட்ட மண்ணில் அருள் வெளிப்படும் இத்தகைய வரலாறு கடலுக்கு அப்பால் ஈழத்திலும் உண்டு. அங்கே மண்ணைப் பிளந்து வந்தது வெந்நீர். ஆயுதத்தை ஏந்தியவன் இராவணன்.

திருகோணமலை நகரிலிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் தொலைவில், அனுராதபுரம் செல்லும் வழியை ஒட்டி அமைந்துள்ளது கன்னியா. ஏழு சிறு கிணறுகள் அருகருகே, சதுரமாகக் கட்டப்பட்ட சுவர்களுக்குள் இருக்கின்றன. குனிந்தால் அடித்தரை தெரியும் அளவுக்கு ஆழம் குறைவு, நீரும் தெளிவு. இறங்கி நீராட இடமில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒன்று இளஞ்சூடு, அடுத்தது அதனினும் சூடு, மற்றொன்று முதற்குடத்திலேயே உடலைத் திடுக்கிடச் செய்வது. சில அடி இடைவெளியில் எப்படி இந்த வேறுபாடு என்று வியக்காதவர் இல்லை.

இராவணனின் தாய் கைகசி சிவபக்தி மிக்கவள். அவள் வழிபடுவதற்காகக் கோணேசர் எழுந்தருளிய மலையையே பெயர்த்துச் செல்ல முனைந்தான் மகன். கோணேசர் மலையில் கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் ‘இராவணன் வெட்டு’ அந்த முயற்சியின் தழும்பு என்பர். அவ்வேளையில் திருமால் முதிய அந்தணர் வடிவில் வந்து, தாய் இறந்த செய்தியைக் கூறி, ஈமக்கடன் ஆற்றும்படி பணித்தார். கன்னியாவில் நிலத்தை ஏழிடங்களில் ஊன்ற, ஏழு ஊற்றுகள் பீறிட்டன. ஊன்றியது அந்தணரின் தடி என்பாரும், இராவணனின் வாள் என்பாரும் உண்டு. எதுவாயினும், மலையைப் பெயர்க்க வந்தவன் அதை விட்டுவிட்டுத் தாய்க்கு நீர்க்கடன் செய்ய அமர்ந்தான் என்பதே கதையின் உயிர். அரக்கன் என்று உலகம் தள்ளியவனுக்கும் அந்தக் கடமையில் விலக்கு இல்லை.

அன்னூர்ப் பகுதிக் குடும்பங்கள் பெற்றோரின் அஸ்தியுடன் பேரூர் நொய்யல் படித்துறைக்கும் பவானி கூடுதுறைக்கும் செல்வது போலவே, திருகோணமலைச் சைவர்கள் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காகக் கன்னியாவை நாடுவது நெடுங்கால வழக்கம். ஈழத்தில் ஆடி அமாவாசை தந்தைக்கு உரியது. சித்திரைப் பௌர்ணமி தாய்க்கு உரியது. அந்த நாளில் தாயை இழந்தவர்கள் விரதம் இருப்பர். கொங்கு நாட்டில் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. தாய்க்கென்று தனியாக ஒரு திதி வைத்திருப்பவர்களிடம் கன்னியாவின் கதை வேரூன்றியதில் வியப்பென்ன!

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையில் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1859இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வூற்றுகளைக் குறிப்பிடுகிறார். பருவத்திற்கேற்ப நீரின் வெப்பம் 85 முதல் 115 பாகை பாரன்ஹீட் வரை மாறும் என்பது அவர் தரும் கணக்கு. அதனினும் சுவையானது இன்னொரு செய்தி. இந்த நீரோட்டத்தில் பிடிக்கப்பட்ட இருவகை மீன்கள் பிரான்சின் விலங்கியல் அறிஞர் குவியேவிடம் சென்றன. வெந்நீரில் வாழ்பவை என்பதால் இரண்டின் பெயரிலும் ‘தெர்மாலிஸ்’ என்ற சொல் சேர்ந்தது. அடியார்கள் வாளியால் மொண்ட நீர் அறிவியல் ஏட்டிலும் இடம்பிடித்தது இப்படித்தான்.

இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே பல நூறு மீட்டர் ஆழம் இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தால் சூடேறி, அழுத்தத்தால் மீண்டும் மேலே வருகிறது. ஏறிவரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலக்கும் அளவைப் பொறுத்துச் சூடும் வேறுபடும். நோய் தீர்க்கும் நீர் என்று மட்டும் இதைச் சுற்றுலா விளம்பரங்கள் பேசுவது குறைபட்ட அறிமுகம்.

போர்க்காலத்தில் அடியார் வரவு அரிதாயிற்று. 2009இல் போர் ஓய்ந்த பின் வேறொரு கவலை எழுந்தது. தொல்லியல் திணைக்களம் இவ்விடத்தைப் பண்டைய பௌத்த மடாலய எச்சமாக அடையாளப்படுத்தியது. ஊற்றுகளின் அருகே பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை எழும்பப் போவதாகச் செய்தி பரவ, 2019 ஜூலையில் சைவர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆய்வுக்குரிய சான்றுகளை ஆய்வாளர்கள் எடைபோடட்டும். ஆனால் தாய்க்குக் கிரியை செய்ய வருபவன் அனுமதிக்காக வாசலில் காத்து நிற்கும் நிலை வருந்தத்தக்கது.

திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் தமிழகத்து அடியார்கள் பலர், நேரமின்மையால் கன்னியாவைத் தவிர்த்துத் திரும்பிவிடுகின்றனர். நகரிலிருந்து அரைமணி நேரப் பயணம்தான். விடியற்காலையில் சென்றால் கூட்டம் இராது. அப்போது ஏழு கிணறுகளின் மேலும் மெல்லிய ஆவி நிற்கும். ஈர வேட்டியுடன் யாரேனும் ஒருவர், ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ஒரு வாளியாக, முறை தவறாமல் மொண்டுகொண்டிருப்பார்.