ஒலிக்கருவிகளில் வால்வு மாற்றம்

வால்வு மாற்றம் என்பது வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்ளிஃபயரில் ஒரு வால்வைக் கழற்றிவிட்டு, அதற்கு இணையான வேறொன்றைச் செருகி ஒலியின் தன்மையை மாற்றும் முறையாகும். வால்வுகள் சாக்கெட்டில் செருகப்படுபவை என்பதால் பற்றவைக்கத் தேவையில்லை. ஆனால் சாக்கெட்டில் பொருந்தும் வால்வு அந்தக் கருவிக்கு ஏற்றதாகவும் இருக்கும் என்று கொள்ள முடியாது.

பெயரிடல்

ஒரே வால்வுக்கு இரு பெயர்கள் வழங்குவதுண்டு. ஐரோப்பாவின் ஈசிசி83 அமெரிக்காவில் 12ஏஎக்ஸ்7; ஈஎல்84 அங்கு 6பிக்யூ5. ஐரோப்பியக் குறியீட்டில் 'ஈ' என்பது 6.3 வோல்ட் சூடேற்றியையும், ஒவ்வொரு 'சி'-யும் ஒரு மும்முனையத்தையும், 'எல்' வெளியீட்டு ஐம்முனையத்தையும் குறிக்கும்.

இந்தியாவில்

1954-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலி ஏற்பி வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் ஈஎல்84 போன்ற வால்வுகளைப் பழைய இருப்பிலிருந்து இன்றும் ஆர்வலர்கள் வாங்குகின்றனர். புதிய வால்வுகள் இப்போது பெரும்பாலும் உருசியா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன.

ஒலி மாறுவதற்கான காரணங்கள்

பெருக்கக் காரணி முதன்மையானது. ஈசிசி83-க்கு இது 100, ஈசிசி81-க்கு 60, ஈசிசி82-க்கு 20-க்கும் குறைவு. மூன்றுக்கும் ஊசி அமைப்பு ஒன்றே. குறைந்த பெருக்கமுடைய வால்வைச் செருகினால் ஒலியளவு குறையும். அடுத்த கட்டம் அளவுமீறித் தூண்டப்படுவதும் குறையும். ஆயினும் சுற்று வேறு வால்வுக்காக வடிவமைக்கப்பட்டதால் ஒலித்திரிபு கூடவும் வாய்ப்புண்டு.

ஒரே வகை வால்வுகளுக்குள்ளும் இரைச்சல், தட்டினால் ஒலிக்கும் இயல்பு, தேய்மானம் ஆகியவை வேறுபடும். தேய்ந்த வால்வை எடுத்துவிட்டு நல்ல வால்வு எதைப் பொருத்தினாலும் ஒலி மேம்படும். இந்த மேம்பாட்டைப் புதிய வால்வின் தயாரிப்புப் பெயருக்கு உரியதாகக் கருதி அதிக விலை கொடுப்பவர் உண்டு. மேலும், சற்று உரக்க ஒலிப்பது காதுக்குச் சிறப்பாகத் தோன்றும். எனவே இரு வால்வுகளையும் ஒரே ஒலியளவில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* ஈசிசி88-க்கும் ஈசிசி83-க்கும் ஒன்பது ஊசிகளே. ஆனால் சூடேற்றி இணைப்பு வேறு. 12.6 வோல்ட்டில் இணைத்த ஈசிசி83 சாக்கெட்டில் ஈசிசி88-ஐச் செருகினால் அதன் சூடேற்றிக்கு இருமடங்கு மின்னழுத்தம் சென்று அது பழுதாகும்.
* 6எல்6ஜிசி வால்வின் சூடேற்றி 0.9 ஆம்பியர் எடுக்கும். ஈஎல்34 எடுப்பது 1.5 ஆம்பியர். இந்தக் கூடுதல் சுமையை மின்மாற்றி தாங்குமா என்று முதலில் அறிய வேண்டும்.
* வெளியீட்டு வால்வை மாற்றினால் பயாஸ் மின்னோட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் உள்ளிருக்கும் தகடு செந்நிறமாக ஒளிர்ந்து வால்வு கெடும்.
* இக்கருவிகளின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே வால்வு ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். அடித்தட்டைத் திறந்து செய்யும் அளவீடுகளைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நல்லது.