வீட்டு ஒலிபெருக்கியில் இரைச்சல்: காரணமும் பரிகாரமும்

நமது அங்கத்தினர் வீடுகள் பலவற்றில் இன்று தறிக்கு அருகே ஒரு பாட்டுப் பெட்டி இருக்கிறது. நாள் முழுவதும் நாடா ஓட்டுபவருக்கு அது துணை. வயலிலிருந்து திரும்பும் குடியானவருக்கு அது இளைப்பாறல். ஆனால் காசு சேர்த்து வாங்கிய ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும், பாட்டுத் தொடங்குமுன்பே ‘ஊம்’ என்று ஓயாமல் இரையத் தொடங்கினால் மனம் சலித்துப் போகிறது. செட்டே பழுது என்று எண்ணிப் பலர் புதிது வாங்க ஓடுகின்றனர். புதிய செட்டும் அதே ‘ஊம்’ பாடுகிறது! செங்கற்பட்டிலும் மாமல்லபுரம் கடலோரத்திலும் இக்குறையைச் சொன்ன அங்கத்தினர் சிலருக்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். இதில் உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் இருப்பதால் முழுவதும் படிக்குமாறு வேண்டுகிறோம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924ஆம் ஆண்டில் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில், கிறிஸ்டல் செட்டையோ பாட்டரி செட்டையோ காதில் மாட்டிக் கேட்டவர்களுக்கு இந்த ‘ஊம்’ தொல்லை இருந்ததில்லை. செட்டைச் சுவரிலுள்ள மின்சாரத்தோடு இணைத்த பிறகே அது வீட்டினுள் புகுந்தது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றாகத் திசை மாறி ஓடுவது. அந்த அசைவில் அணுவளவு பாட்டுக் கம்பியில் கலந்தாலும், ஆம்ப்ளிபயர் அதையும் பாட்டென்றே எண்ணிப் பல மடங்கு பெருக்கிவிடுகிறது. அதுவே நாம் கேட்கும் ரீங்காரம்.

எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. ஆழ்ந்த, இடைவிடாத ‘ஊம்’ என்பது பெரும்பாலும் எர்த்து அல்லது கம்பி பற்றிய குறை. கூர்மையான ‘கர்ர்’ என்பது மின்விசிறி ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு முதலியவற்றிலிருந்து வருவது. ‘சடசட’ என்பது தளர்ந்த இணைப்பு அல்லது பொறி கக்கும் மோட்டார். மெல்லிய ‘உஸ்’ என்பது எந்த ஆம்ப்ளிபயருக்கும் ஓரளவு இயல்பே. அதற்காக வருந்த வேண்டியதில்லை.

சோதிக்கும் முறை

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. அந்த இழையைப் பிடித்துக்கொண்டே அறுந்த இடத்துக்குப் போகிறார். இங்கும் அதே முறைதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமற் போகும். கம்பியைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் செட்டை நிறுத்திவிட வேண்டும்.

முதலாவதாக, வால்யூம் திருகை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரைச்சலும் கூடவே ஏறி இறங்கினால், குறை ஆம்ப்ளிபயருக்கு வந்து சேரும் கம்பிகளில் இருக்கிறது. திருகை முற்றிலும் குறைத்த பின்னும் இரைச்சல் மாறாமல் இருந்தால், குறை பெட்டிக்குள் இருப்பதாகக் கொள்ளலாம். மின்சாரத்தைச் சமன் செய்யும் கண்டென்ஸர் உலர்ந்து போவது பழைய செட்டுகளில் சாதாரணம். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தாக்கும்.

இரண்டாவதாக, ஆம்ப்ளிபயருக்கு வரும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது இரைச்சல் நிற்கிறதோ, அதன் வழியே குறை வருகிறது. அக்கம்பியின் மேற்சுற்றுப் பின்னல் முனையில் அறுந்திருக்கக்கூடும். புதுக் கம்பி போட்டால் தீர்ந்தது. கைப்பேசி வழியாகப் பாட்டுக் கேட்பவர்கள் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கட்டும். பாட்டரியில் மட்டும் ஓடும்போது இரைச்சல் நின்றால், சார்ஜரே காரணம்.

மூன்றாவதாக, பாட்டுக் கம்பியும் மின்சாரக் கம்பியும் ஒன்றாகச் சுருட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஓரடியேனும் இடைவெளி வேண்டும். ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால், பாவும் ஊடையும் போலக் குறுக்காகக் கடக்கட்டும்.

நான்காவதாக, வீட்டிலுள்ள மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களில் கல்லறுக்கும் மின்கருவிகளும், கிராமங்களில் பம்புசெட்டுகளும் ஓடும் நேரத்தில் மட்டும் ‘சடசட’ கேட்டால், செட்டைக் குறை சொல்வதில் பயனில்லை. அது கம்பி வழியேயும் காற்று வழியேயும் வரும் அயல் இரைச்சல்.

இரு மடைக் குறை

தொலைக்காட்சியை ஆம்ப்ளிபயரோடு இணைத்தவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஒரு வயலுக்கு இரு மடைகள் திறந்திருந்து, அவற்றில் ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலும் இருந்தால், நீர் ஒன்றின் வழியே வந்து மற்றொன்றின் வழியே போய்க்கொண்டே இருக்குமல்லவா? அதுபோல், ஆம்ப்ளிபயர் வீட்டின் எர்த்திலும், கேபிள் கம்பி தெருவில் வேறோர் இடத்து எர்த்திலும் சேர்ந்திருந்தால், இரண்டுக்குமுள்ள சிறு மின்னழுத்த வேற்றுமையால் பாட்டுக் கம்பியின் மேற்சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. அது ‘ஊம்’ என்று ஒலிக்கிறது. கேபிள் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றியதும் இரைச்சல் நின்றால், காரணம் இதுவே.

பரிகாரம் எளிது. ஆம்ப்ளிபயர், தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி ஆகிய மூன்றையும் ஒரே சுவிட்சுப் பலகையில் இணைக்க வேண்டும். அதே பலகையில் இஸ்திரிப் பெட்டியையோ மோட்டாரையோ சேர்க்கலாகாது. அதிலும் அடங்காவிட்டால், ஐசொலேட்டர் என்ற சிறு சாமானைக் கேபிள் கம்பியிலோ பாட்டுக் கம்பியிலோ நடுவே செருகலாம். கம்பித் தொடர்பை அறுத்துவிட்டு, ஒலியையோ படத்தையோ மட்டும் அது கடத்தும்.

செய்யவே கூடாத ஒன்று

கடலோர ஊர் ஒன்றில் நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் வீட்டில் நாம் கண்டதைச் சொல்கிறோம். அவருடைய ஆம்ப்ளிபயர் இரைந்தபோது, பழுது பார்க்க வந்தவர் ப்ளக்கிலுள்ள பெரிய முள்ளான எர்த் பின்னைக் கழற்றிவிட்டார். இரைச்சல் உடனே நின்றது, வீட்டார் மகிழ்ந்தனர். சில நாட்களில் பெட்டியின் தகட்டைத் தொட்டபோது விரலில் ‘சுருக்’கென்றது. அதையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. நாம் பார்த்துச் சொன்ன பிறகே முள் மீண்டும் மாட்டப்பட்டது.

எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது அலங்காரத்துக்கு அன்று. அது முதலில் தொடவேண்டும், கடைசியில் பிரியவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்திருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு கம்பி அறுந்து தகட்டைத் தொட்டால், மின்சாரம் எர்த்து வழியே பாய்ந்து பியூஸ் போய்விடும். எர்த்து இல்லையேல், தொடுகின்ற மனிதரே அதற்கு வழியாகிவிடுவார். குழித்தறியில் நெய்பவரின் கால்கள் ஈரமண் குழிக்குள் இருப்பவை. அவருக்கு அபாயம் பிறரைவிட அதிகம். இரைச்சல் காதுக்குத் தொல்லை. எர்த்து இல்லாமை உயிருக்கே தொல்லை. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த சாமான்கள் மட்டும் இரட்டைக் காப்புடன் செய்யப்பட்டவை. அவற்றுக்கு எர்த்து தேவையில்லை.

கடலோரத்தார் கவனத்துக்கு

கடற்கரைக் கோயிலின் கல்லையே அரித்த உப்புக் காற்று, எர்த்துக் கம்பியை விட்டுவைக்குமா? நம் வீடுகளில் எர்த்துக் குழாயும் கம்பியும் சேரும் மூட்டு உப்பாலும் துருவாலும் கெட்டுப் போகிறது. மேலே வெறும் மணல் உலர்ந்திருந்தால் மின்சாரத்தை நன்கு கடத்தாது. கீழே உப்புநீர் இருந்தால் கடத்தும், ஆனால் குழாயை அரித்துவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் லைசென்ஸ் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மூட்டைச் சுத்தம் செய்து, இறுக்கி, கிரீஸ் தடவி, எர்த்தின் தடையை அளந்து பார்க்க வேண்டும். கோடையில் எர்த்துக் குழியில் நீர் ஊற்றுவதும் அவசியம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் மெயின் பலகையில் பொருத்திக்கொள்வது நன்று.

எர்த்து அளக்கும் கருவியை ஒருவர் தனியே வாங்குவது வீண் செலவு. ஒரு சங்கம் ஒன்றை வாங்கி வைத்து, அங்கத்தினர் வீடுகளையும் தறிக்கூடங்களையும் பம்புசெட்டுகளையும் முறைவைத்துப் பார்க்கச் செய்தால், செலவு பங்காகும், நன்மை எல்லோருக்குமாகும். கூட்டுறவு இதற்கும் ஏற்ற வழியே. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை அங்கத்தினர்கள் யோசிப்பார்களாக.

அதுவரை, இன்று மாலையே ஒரு காரியம் செய்யலாம். வீட்டிலுள்ள மூன்று முள் ப்ளக்குகளை எடுத்துப் பாருங்கள். எதிலேனும் பெரிய முள் இல்லையெனில், பாட்டை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இரைச்சலைப் பிறகு நிதானமாகத் தேடிப் பிடிக்கலாம்.