இனிப்புநீரின் கதை – 9: ஒன்றுக்கு ஒன்பது

இந்த வாரம் இஸ்கண்டார் புத்ரிக்கு, பயோகான் இன்சுலின் ஆலைக்குள் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தேன். கதையில் இதுவரை டொரண்டோ, நாய்க் கணையம், மாடு, பன்றி, கடைசியில் ஈஸ்ட் என்று வந்து நின்றோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். ஆலைக்குக் கிளம்புமுன் ஸ்கூடாய் வாசகி ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அண்ணன் பிள்ளைக்கு இன்னும் ஒரு வயசு ஆகல. ஆஸ்பத்திரியில இன்சுலினைத் தண்ணியாக்கித்தான் போடுறாங்க. தண்ணி கலக்குறதுதானே, வீட்டிலேயே செஞ்சுக்கலாமா?"

"கூடவே கூடாதும்மா" என்றேன். "ஏன்?" என்றார். அந்த "ஏன்" என் வாரத்தைத் தின்றுவிட்டது.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். இங்கே நாம் வாங்கும் இன்சுலினில் மில்லிலிட்டருக்கு 100 யூனிட். கைக்குழந்தைக்குச் சில வேளை கால் யூனிட்டே போதும். அது 0.0025 மில்லிலிட்டர். சிரிஞ்சில் இருப்பதிலேயே சின்னக் கோடு அரை யூனிட். அதற்குக் கீழே கண் திட்டம்தான். அதனால் ஒரு பங்கு இன்சுலினோடு ஒன்பது பங்கு கலப்பு நீர் சேர்த்து, மில்லிலிட்டருக்கு 10 யூனிட் ஆக்குகிறார்கள். அப்போது கால் யூனிட் என்பது ஐந்து கோடு. இது புதுமையும் அல்ல. 1923-இல் லில்லி நிறுவனம் விற்ற முதல் புட்டிகளே மில்லிலிட்டருக்கு 10, 20 யூனிட் கொண்டவைதாம்.

இனி, என்னைத் தூங்கவிடாத சங்கதி. இன்சுலின் மூலக்கூறு 51 அமினோ அமிலம் கொண்ட பொடிசு. புட்டிக்குள் அது தனியாக இருப்பதில்லை. துத்தநாகத்தை நடுவில் வைத்து ஆறு மூலக்கூறுகள் கும்மியடிப்பதுபோல் வட்டம் கட்டி நிற்கின்றன. புட்டியைத் திறந்தால் ஆஸ்பத்திரி நெடி வருமே, அது பீனாலும் மெட்டா கிரெசாலும். கிருமி அண்டாமல் இருக்கச் சேர்த்தவை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வட்டம் கலையாமல் காப்பதும் அவையே!

ஊசி போட்டதும் தோலுக்கடியில் பீனால் விலகிப்போகிறது. உடம்பின் நீர் மருந்தை நீர்க்கச் செய்கிறது. ஆறு இரண்டிரண்டாகி, இரண்டு ஒன்றாகி, அதன் பிறகுதான் இரத்தத்துக்குள் விரைந்து நுழைகிறது. சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடச் சொல்வது இதற்காகத்தான். லிஸ்ப்ரோ இன்சுலினில் 'பி' என்னும் சங்கிலியின் 28, 29-ஆம் அமினோ அமிலங்களை இடம் மாற்றிப் போட்டதும் வட்டம் சட்டென்று கலைவதற்கே. ஆக, நீர்க்கச் செய்வது உடம்பின் வேலை. நாம் புட்டியில் உப்பு நீரை ஊற்றினால் அதே வேலை இடம் தவறி நடக்கிறது. தனித்தனியாகப் பிரிந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நார் நாராகத் திரளக்கூடும். திரண்டது மருந்தாகாது.

ஒட்டுவது ஒன்றோடொன்று மட்டுமல்ல, பிளாஸ்டிக்கிலும்தான். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 50 யூனிட்டை 50 மில்லிலிட்டர் உப்பு நீரில் கலந்து நரம்பில் ஏற்றுகிறார்களே என்று கேட்கலாம். அது அன்றே தீர்ந்துவிடும் மருந்து. அங்கேயும் பல மருத்துவமனைகளில் தாதி முதல் 20 மில்லிலிட்டரைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கொட்டிவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர்கள் "வீணாக்குறாங்களே" என்று முணுமுணுப்பார்கள். குழாயின் உட்சுவர் குடிக்கவேண்டியதைக் குடித்துவிட்டால்தான் நோயாளிக்கு முழு அளவு போய்ச் சேரும்.

எனவே கலப்பு நீர் வெறும் நீரல்ல. கிளிசரின், பாஸ்பேட், பீனால், மெட்டா கிரெசால் எல்லாம் உள்ள, இன்சுலின் மட்டும் இல்லாத இன்சுலின் புட்டி என்றே சொல்லலாம். லிஸ்ப்ரோவுக்கென லில்லி தயாரித்த நீரில் கலந்தால் 5 டிகிரி குளிரில் 28 நாள், 30 டிகிரியில் 14 நாள் என்று கணக்கு. ஜோகூர் வெயிலில் 30 டிகிரி எந்த மூலைக்கு! மருந்தாளர் கிருமி படாமல் கலந்து, வீரியத்தைப் பெரிதாக எழுதி ஒட்டித் தரவேண்டிய மருந்து இது. புட்டி மாறினால் பிழை பத்து மடங்கு.

மடங்கு என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டுக்குப் போய்வரும்போது மலிவாகக் கிடைக்கிறது என்று இன்சுலின் வாங்கிவருவோர் நம்மில் உண்டு. அங்கே 40 யூனிட் புட்டி இன்னும் சகஜம். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. நம் 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடியில் நம் மருந்தை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஆலைக்கு வருகிறேன். அங்கே தயாராகும் கிளார்ஜின் இன்சுலினை அதன் மூல மருந்துக்கு மாற்றாகத் தரலாம் என்று 2021 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. மாற்றிக்கொள்ளத்தக்க முதல் இன்சுலின் அதுதான். வேடிக்கை என்னவென்றால், கிளார்ஜினை நீர்க்கச் செய்யவே கூடாது. புட்டியில் அது அமிலக் கரைசல், பிஎச் 4. தோலுக்கடியில் பிஎச் 7.4-ஐத் தொட்டதும் துகளாகப் படிந்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கலப்பு நீரை ஊற்றினால் அந்தப் படிவு புட்டிக்குள்ளேயே நடந்துவிடலாம். லிஸ்ப்ரோ கலைவதற்காகச் செய்யப்பட்டது, இது படிவதற்காக.

அதை ஈஸ்டிலிருந்து எப்படி எடுக்கிறார்கள் என்பதற்கு இங்கே இடமில்லை. பீச்சியா பாஸ்டோரிஸ் என்னும் அந்த ஈஸ்ட் மெத்தனாலைத் தின்று வாழக்கூடியது. கள்ளச்சாராயத்தில் கலந்து ஆளைக் கொல்லுமே, அதே மெத்தனால். அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)