“எந்தப் புதுக்கோட்டை?” - சாயர்புரத்துக்கு 108 வர வழி காட்டும் வரைபடம்!

“ஹலோ... 108-ஆ? எங்கப்பா நெஞ்சு வலின்னு துடிக்காவ... சீக்கிரம் வண்டி அனுப்புங்கக்கா!”

“எந்த ஊர்ல இருந்து பேசுறீங்க?”

“புதுக்கோட்டையில இருந்து உள்ள வரணும்...”

“புதுக்கோட்டை மாவட்டமா?”

“இல்லக்கா, தூத்துக்குடி புதுக்கோட்டை! அங்க இருந்து சாயர்புரம் போற ரோட்டுல, பனங்காட்டைத் தாண்டி இடது கைப் பக்கம். கோவில்கிட்ட வந்து யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாவ!”

இது கற்பனை உரையாடல்தான். ஆனால் சாயர்புரம் வட்டாரத்துக்காரர்கள் யாரும் இதைப் படித்துச் சிரிக்க மாட்டார்கள். வெளியூரில் இருந்து வரும் உறவினருக்கே வழி சொல்லி அலுத்துப் போனவர்கள் அவர்கள்.

உறவினர் அரைமணி நேரம் சுற்றி வரலாம். சாப்பாடுதான் ஆறிப் போகும். நெஞ்சு வலிக்காரரும் பாம்பு கடித்தவரும் அப்படிக் காத்திருக்க முடியுமா?

பெயரில் வரும் குழப்பம்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. கன்னியாகுமரியில் இருந்து போன் செய்தாலும், கும்மிடிப்பூண்டியில் இருந்து போன் செய்தாலும் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் எடுக்கிறார்கள். அங்கே இருந்துதான் பக்கத்தில் நிற்கும் வண்டிக்குத் தகவல் போகிறது.

போனை எடுப்பவர் சாயர்புரத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்குத் துணை, எதிரே உள்ள கம்ப்யூட்டரில் விரியும் வரைபடம்தான்.

திருநெல்வேலி-தூத்துக்குடி நெடுஞ்சாலையில் ஒரு புதுக்கோட்டை. திருச்சிக்குத் தெற்கே மாவட்டத் தலைநகராக இன்னொரு புதுக்கோட்டை. நாசரேத் என்று உலக வரைபடத்தில் தேடினால் இஸ்ரேல் நாட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடும்!

சாயர்புரத்துக்கு வேறு தொல்லை. சாயர் என்பவரின் பெயரால் அமைந்த ஊர் இது. தமிழறிஞர் ஜி.யு.போப் 1840-களில் தங்கிப் பள்ளி நடத்திய ஊர். அவர் பெயரில் கல்லூரியும் இருக்கிறது. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து, சாயர் தம் பெயரை எழுதிய மாதிரி. காதில் விழுந்தபடி எழுத்துக் கூட்டித் தட்டினால் வேறு மாதிரி வரும். கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஊர்தான்.

ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி எழுத வேண்டும் என்று 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் அரசாணை வெளியானது நினைவிருக்கலாம். 1,018 ஊர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. தூத்துக்குடியும் ஒன்று. எழுத்தைப் பற்றிப் பல தரப்பிலும் விவாதம் எழுந்தது. அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெயர்ப் பலகைக்கு எப்படியோ, அவசர அழைப்புக்கு ஒரே ஒரு எழுத்து முறை போதாது. மக்கள் வாயில் வழங்கும் எல்லாப் பெயரும் வரைபடத்தில் ஏற வேண்டும்.

செல்போன் சொல்லாதா?

“கையிலே செல்போன் இருக்கே, அது காட்டிக் கொடுக்காதா?” என்று கேட்கலாம். காட்டிக் கொடுக்கும். ஆனால் எவ்வளவு சரியாக என்பதுதான் கேள்வி.

செல்போன் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்பது டெலிபோன் கம்பெனிக்குத் தெரியும். நகரத்தில் கோபுரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. கிராமத்தில் ஒரு கோபுரமே பல கிலோ மீட்டருக்குப் பொறுப்பு. “இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறார்” என்றுதான் அது சொல்லும். அந்த வட்டத்துக்குள் நாலைந்து ஊர் அடங்கிவிடலாம்.

செயற்கைக்கோள் உதவியோடு போன் தானே கணக்கிடும் இடம் வேறு ரகம். திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும். அந்தத் தகவலை, போன் செய்தவுடன் தானாகவே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் ஏற்பாடு இங்கிலாந்தில் 2014-ல் தொடங்கியது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு இதே மாதிரி வசதியை 112 எண்ணோடு இணைத்து இந்தியாவில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் உத்தரப்பிரதேசம். இந்த அறிவிப்பு 2025 டிசம்பரில் வந்தது.

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான 112 எண் தமிழ்நாட்டுக்கு 2019-ல் வந்தது. 100-ம் 108-ம் மனப்பாடமான அளவுக்கு இது இன்னும் பலருக்குப் பழகவில்லை. போலீசாரின் “காவல் உதவி” செயலி 2022-ல் வந்தது. அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடமும் சேர்ந்து போகும். செயலியைப் போனில் ஏற்றி வைத்திருந்தால்தான்!

புள்ளி தெரிந்தால் போதுமா?

போதாது. வரைபடத்தில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளிக்குப் போகும் பாதை எது? வண்டி நுழையுமா? அது பட்டாவில் பாதை, நிஜத்தில் முள்ளுக்காடா?

இந்த விவரங்கள் அரசாங்கத்திடம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒரு பீரோவில் இருக்கிறது! நிலத்தின் புல வரைபடம் வருவாய்த்துறையிடம். தெருவும் கதவு எண்ணும் பேரூராட்சியிடம். ரோடும் பாலமும் நெடுஞ்சாலைத்துறையிடம். மின் கம்பங்களின் விவரம் மின்வாரியத்திடம். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் பயன்படும் படம் கிடைக்கும். துறைகளின் வரைபடங்களை ஒரே இடத்தில் சேர்க்கும் வேலையை தமிழ்நாடு மின் ஆளுமை முகமை செய்து வருகிறது.

அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு சின்ன மாநிலம். பெரும்பாலும் கிராமங்கள். அங்கேயும் “பெரிய மரத்துக்குப் பக்கத்து வீடு” கதைதான். 1990-களில் மாநிலம் முழுவதும் வீடுகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். எப்படித் தெரியுமா? ரோடு தொடங்கும் இடத்தில் இருந்து ஒவ்வொரு மைலையும் ஆயிரமாகப் பிரித்து, 5.28 அடிக்கு ஓர் எண். 500-ம் எண் வீடு என்றால் ரோட்டின் தொடக்கத்தில் இருந்து சரியாக அரை மைல். டிரைவர் இருட்டிலும் மீட்டரைப் பார்த்தே போய்விடலாம். அந்த ரோடு, வீடு விவரங்கள் எல்லாத் துறைக்கும் பொது.

நம் தபால் துறையும் ஒரு வழி கண்டிருக்கிறது. 1972-ல் பின்கோடு கொண்டுவந்தவர்கள், 2025 மே மாதம் “டிஜிபின்” என்பதை வெளியிட்டார்கள். நாடு முழுவதையும் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. வீடு மட்டும் அல்ல, வயற்காடு, உப்பளம், முத்துக் குளித்த கடற்பரப்பு வரை எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் அப்பா மயங்கிக் கிடக்கும்போது 10 எழுத்தை யார் நினைவு வைத்து ஒப்பிப்பது? கதவில் எழுதி ஒட்டினால் உண்டு.

வெள்ளம் தந்த அனுபவம்

2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் தீவாயின. கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. போனே வேலை செய்யாதபோது இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரெயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டது. அவர்கள் இருக்கும் இடம் ஊருக்கே தெரியும். போக வழி இல்லை! ஹெலிகாப்டரில் இருந்து உணவு போட வேண்டி வந்தது. கடைசிப் பயணிகள் மீட்கப்பட்டபோது 19-ந் தேதி ஆகிவிட்டது. எந்த ரோடு உடைந்தது, எந்தப் பாலத்தில் தண்ணீர் போகிறது என்பதும் உடனுக்குடன் அந்தப் பொது வரைபடத்தில் ஏறினால்தான், மீட்பு வண்டி பாதி வழியில் திரும்பாது.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

வரைபடம் வரும்போது வரட்டும். இன்று ராத்திரி அவசரம் என்றால்?

போனில் முதல் வார்த்தையாக “தூத்துக்குடி மாவட்டம்” என்று சொல்லுங்கள். அடுத்து “சாயர்புரம் போலீஸ் நிலையப் பகுதி”. அப்புறம்தான் புதுக்கோட்டையும் பனங்காடும். நெடுஞ்சாலை என்றால் கிலோ மீட்டர் கல்லைப் பார்த்து எண்ணைச் சொல்லலாம். போன் செய்த பிறகு அதே போனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேதி சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். டிரைவர் கூப்பிடும்போது லைன் கிடைக்காது.

வீட்டில் ஓர் இளவட்டம் இருந்தால், டார்ச் லைட்டோடு மெயின் ரோட்டு முக்கில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.